வீட்டுக்குள் ரேடான்: எவ்வளவுக்கு ஆட்படுகிறோம் என்று கணிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரொறன்ரோவிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் இருக்கும் தமிழ் வீடுகளில் ரேடான் அளவுகருவி வைக்கச் சில குளிர்காலங்களாக உதவி வருகிறேன். கருவியைச் சுவரில் மாட்டுவதற்கு ஐந்து நிமிடம் போதும். அதன்பின் தேநீர் குடித்தபடி கேட்கப்படும் சந்தேகங்களுக்குத்தான் ஒரு மணி நேரம் பிடிக்கிறது. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே எழுதி, எளியவற்றை முன்னும் சிக்கலானவற்றைப் பின்னுமாக இங்கே வைத்திருக்கிறேன்.

ரேடான் என்றால் என்ன? அது எங்கள் வீட்டுக்குள் ஏன் வருகிறது?

மண்ணிலும் பாறையிலும் இயல்பாகவே சிறிதளவு யுரேனியம் உண்டு. அது படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகி, ரேடியம் சிதையும்போது ரேடான் என்னும் வாயு பிறக்கிறது. நிறமோ மணமோ சுவையோ இல்லாத இந்த வாயுவின் அரைவாழ்வுக் காலம், அதாவது அதன் அணுக்களில் பாதி சிதைந்துபோக எடுக்கும் காலம், 3.8 நாட்கள்; மண்ணின் இடுக்குகள் வழியாக ஊர்ந்து மேலே வருவதற்கு அந்தக் கால அளவு தாராளமாகப் போதுமானது.

வெட்டவெளியில் அது காற்றோடு கலந்து நீர்த்துவிடும். வீட்டைப் பொறுத்தவரை நிலைமை வேறு. குளிர்காலத்தில் வீட்டுக்குள் சூடான காற்று மேலெழுந்து கூரைப் பக்கமாகக் கசிவதால் கீழ்த்தளத்தில் காற்றழுத்தம் மிகச் சிறிதளவு குறைகிறது. சில பாஸ்கல்தான்; நீர்மட்டக் கணக்கில் ஒரு மில்லிமீற்றரில் ஒரு பங்கு. ஆயினும் தரையின் வெடிப்பு, தரையும் சுவரும் சேரும் இடுக்கு, நீரிறைக்கும் குழி, குழாய் நுழையும் துளை ஆகியவற்றின் வழியாக மண்ணிலுள்ள காற்றை உள்ளே உறிஞ்சுவதற்கு அவ்வளவே போதும். வீடு ஒரு மெதுவான உறிஞ்சுகுழலைப் போல இயங்குகிறது என்று சொன்னால் மிகையாகாது.

வாயுவை மூச்சில் இழுத்தால் அப்படியே வெளியே வந்துவிடாதா? பிறகு என்ன ஆபத்து?

ரேடான் வாயுவின் பெரும்பகுதி நீங்கள் சொல்வதுபோலவே வெளியே வந்துவிடும். தொல்லை கொடுப்பவை அதன் சேய்த் தனிமங்கள். ரேடான் சிதைந்ததும் பொலோனியம்-218, ஈயம்-214, பிஸ்மத்-214, பொலோனியம்-214 என்று வரிசையாகத் திண்மத் தனிமங்கள் பிறக்கின்றன. இவற்றில் முதல் மூன்றின் அரைவாழ்வு முறையே ஏறத்தாழ 3, 27, 20 நிமிடங்கள். கடைசியானது கணப்பொழுதும் தாங்காது. இவை காற்றிலுள்ள நுண்தூசியில் ஒட்டிக்கொண்டோ தனியாகவோ மூச்சுக்குழாயின் உட்சுவரில் படிந்து, அங்கிருந்தே அல்பா துகள்களை வீசுகின்றன.

அதனால் வரக்கூடியது நுரையீரல் புற்றுநோய். ஜெர்மனியின் ஷ்னேபெர்க் சுரங்கத் தொழிலாளர்களைப் பிடித்திருந்த ‘மலைநோய்’ நுரையீரல் புற்றுநோயே என்பது 1879-இலேயே கண்டறியப்பட்டுவிட்டது. காரணம் ரேடானின் சேய்கள் என்பது புரிவதற்குத்தான் இருபதாம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தலைவலி, இருமல், தோல் அரிப்பு ஆகியவற்றுக்கு ரேடான் காரணமா என்று கேட்பவர்களும் உண்டு. அல்ல, உடனடி அறிகுறி எதையும் அது தருவதில்லை.

200 பெக்கரல், 4 பைக்கோகியூரி என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்களே?

ஒரு விநாடிக்கு ஓர் அணு சிதைந்தால் அது ஒரு பெக்கரல். ஒரு கன மீற்றர் காற்றில் விநாடிக்கு எத்தனை ரேடான் அணுக்கள் சிதைகின்றன என்பதே செறிவு. அமெரிக்காவில் லீற்றருக்குப் பைக்கோகியூரி என்று சொல்வார்கள். அதை 37-ஆல் பெருக்கினால் நம் கணக்கு வந்துவிடும். ஆகவே அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 4 என்பது 148 பெக்கரல்.

கனடாவின் வழிகாட்டு அளவு 200. 2007 வரை அது 800-ஆக இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2009-இல் 100-ஐப் பரிந்துரைத்து, அது இயலாத நாடுகளும் 300-ஐத் தாண்டக்கூடாது என்றது. இவற்றில் எந்த எண்ணும் ‘இதற்குக் கீழே ஒன்றுமில்லை, இதற்கு மேலே நோய்’ என்று பிரிக்கும் கோடு அல்ல. எந்தக் கட்டத்தில் பணம் செலவழித்துச் சரிசெய்வது நியாயம் என்பதில் ஒவ்வொரு நாடும் எடுத்த முடிவு அது.

பக்கத்து வீட்டில் அளந்து பார்த்துவிட்டார்கள், குறைவாம். எங்களுக்கும் அதுதானே?

அப்படிச் சொல்ல முடியாது. ஒரே கட்டுநர் ஒரே ஆண்டில் கட்டிய இரண்டு வீடுகளிலும் அடிமண்ணின் இளக்கம், தரையின் வெடிப்புகள், சூடாக்கும் முறை, சன்னல் திறக்கும் பழக்கம் எல்லாம் வேறுபடும். வரைபடத்தைப் பார்த்து ஒரு பிரதேசத்தைப் பற்றிப் பேசலாம். ஒரு வீட்டைப் பற்றிப் பேச முடியாது.

1984-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் லிமெரிக் அணுமின் நிலையத்தில் பணிபுரிந்த ஸ்டான்லி வாட்ரஸ் என்ற பொறியாளர் அங்கிருந்த கதிரியக்கக் கண்காணிப்பு வாசலைக் கடக்கும்போதெல்லாம் எச்சரிக்கை மணி ஒலித்தது. உலை அப்போது மின்னுற்பத்தியையே தொடங்கியிருக்கவில்லை. தேடிப் பார்த்தபோது கதிரியக்கத்தை அவர் வீட்டிலிருந்துதான் ஆடையில் சுமந்து வந்திருக்கிறார் என்று தெரிந்தது. அவர் வீட்டுக் காற்றில் இருந்த ரேடான் ஏறத்தாழ 1,00,000 பெக்கரல். வீடுகளில் ரேடானைத் தேடும் பழக்கம் வட அமெரிக்காவில் பரவியதற்கு அந்த மணியோசை ஒரு முக்கியக் காரணம். கனடிய சுகாதாரத் துறை 2009 முதல் 2011 வரை ஏறத்தாழ 14,000 வீடுகளில் அளந்ததில், மக்களில் 6.9 விழுக்காட்டினர் 200-க்கு மேற்பட்ட வீடுகளில் வாழ்வதாகக் கணித்தது. உங்கள் வீடு அதில் சேர்த்தியா என்பதை உங்கள் வீட்டில் அளந்தால்தான் சொல்ல முடியும்.

இரண்டு மூன்று நாளில் முடிவு தரும் சோதனை இருக்கும்போது மூன்று மாதம் ஏன் காத்திருக்க வேண்டும்?

குறுகிய காலச் சோதனைகளில் பெரும்பாலும் கரித்தூள் நிரப்பிய சிறு டப்பாவைப் பயன்படுத்துவார்கள். கரி ரேடானை ஈர்த்து வைத்துக்கொள்ளும். ஆனால் அறையின் செறிவு குறைந்தால் ஈர்த்ததில் ஒரு பகுதியைத் திரும்ப வெளியிட்டும்விடும். ஆகவே கடைசி ஓரிரு நாட்களின் நிலையையே அது கூடுதலாக நினைவில் வைத்திருக்கும். ஆய்வகத்துக்கு அனுப்பத் தாமதித்தால் 3.8 நாட்களுக்கு ஒருமுறை பாதிபாதியாக அதுவும் அழிந்துபோகும். வீடு வாங்குகிற அவசரத்தில் அமெரிக்காவில் இதைப் பரவலாகச் செய்கிறார்கள். அளவு மிக அதிகமா என்று முதற்கட்டமாகப் பார்க்க உதவும், ஆண்டுக் கணிப்புக்கு உதவாது.

நான் மாட்டிவரும் கருவி அல்பா தடக் கருவி. அதற்குள்ளே இருப்பது சிஆர்-39 என்னும் ஒளிபுகும் பிளாஸ்டிக் துண்டு. மூக்குக்கண்ணாடி வில்லைகளைச் செய்வதும் இதே பிளாஸ்டிக்கில்தான். மின்சாரம் வேண்டாம், சத்தம் இல்லை. கருவிக்குள் புகுந்த ரேடானும் அங்கே பிறக்கும் அதன் சேய்களும் வீசும் அல்பா துகள்கள் இந்தத் துண்டில் கண்ணுக்குத் தெரியாத காயத்தை ஏற்படுத்தும். மூன்று மாதம் கழித்து ஆய்வகத்தில் சூடான சோடியம் ஹைட்ரொக்சைடு கரைசலில் ஊறவைத்தால் ஒவ்வொரு காயமும் ஒரு குழியாக விரியும். அந்தக் குழிகளை நுண்ணோக்கியில் எண்ணி, கருவி அறையில் மாட்டியிருந்த மணி நேரத்தால் வகுத்துச் செறிவைச் சொல்வார்கள். புயல் வீசிய நாள், பனி கொட்டிய நாள், நீங்கள் ஊருக்குப் போயிருந்த வாரம் எல்லாம் அந்தச் சராசரியில் சேர்ந்துவிடும். கனடிய சுகாதாரத் துறை குறைந்தது 91 நாட்களை, அதுவும் வீட்டைச் சூடாக்கும் பருவத்தில், வலியுறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

கடையில் வாங்கிய டிஜிட்டல் கருவி காலையில் 90 காட்டுகிறது, இரவில் 260 காட்டுகிறது. கருவி பழுதா?

பெரும்பாலும் பழுதில்லை. இரண்டு காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்து எண்ணை ஆட்டுகின்றன. முதலாவது, ரேடான் உண்மையிலேயே மாறுகிறது: வெளியே குளிரும் இரவில் உறிஞ்சல் கூடும், மழை பெய்து மண் ஈரமானாலோ நிலம் உறைந்தாலோ வாயு வெளியேறும் மற்ற வழிகள் அடைபட்டு, வீட்டின் அடியிலுள்ள உலர்ந்த மண்ணே அதற்கு எளிய வழியாகும்.

இரண்டாவது காரணம் எண்ணிக்கையின் இயல்பு. சிறு கருவி ஒன்றின் அறைக்குள் ஒரு மணி நேரத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய துகள்களே பதிவாகும். ஒன்பது துகள் பதிவானால் அதன் தற்செயல் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலமான மூன்று, அதாவது மூன்றில் ஒரு பங்கு. அதே வேகத்தில் ஒரு முழு நாள் எண்ணினால் 216 துகள். ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 15, அதாவது ஏழு விழுக்காடு. மணிக்கொரு முறை வரும் எண்ணைப் பார்த்துப் பதறுவதும் நிம்மதி அடைவதும் வீண். அந்தக் கருவியில் நீண்டகாலச் சராசரி என்று ஒன்று இருக்கும். அதை மட்டும் பாருங்கள். முடிந்தால் ஒருமுறை அல்பா தடக் கருவியை அதன் அருகில் வைத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கருவியை எங்கே மாட்ட வேண்டும்?

ஒரு நாளில் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆட்கள் இருக்கிற தளங்களில் மிகக் கீழே உள்ளதில் மாட்ட வேண்டும். தரையிலிருந்து 0.8 முதல் 2 மீற்றர் உயரத்தில், அதாவது மூச்சுவிடும் உயரத்தில் அது இருக்க வேண்டும். சன்னல், வெப்பக்காற்று வரும் துவாரம், வெயில் படும் இடம், சமையலறை, குளியலறை ஆகியவற்றைத் தவிர்க்கவும். நீரிறைக்கும் குழியின் மூடிமேல் வைத்தால் உயர்ந்த எண் வரும். ஆனால் அங்கே யாரும் குடியிருப்பதில்லை.

மாட்டியபின் அதை மறந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு வருவது என் வழக்கம். ஒரு வீட்டில் அதை அளவுக்கு மீறிக் கடைப்பிடித்தார்கள். மூன்று மாதம் கழித்துப் போனபோது சுவரில் ஆணி மட்டும் இருந்தது. விருந்தினர் வந்த நாளில் அம்மம்மா அதைக் கழற்றி, கம்பளி உடைகளுக்கு நடுவே பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் பத்திரப்படுத்தியிருந்தார். மூடிய பெட்டிக்குள் எத்தனை வாரம் இருந்தது என்று ஒருவருக்கும் நினைவில்லை. அந்தக் குளிர்காலம் அத்தோடு போயிற்று. இப்போது கருவியின் கீழே ‘எடுக்கவேண்டாம்’ என்று பெரிய எழுத்தில் ஒட்டிவிட்டு வருகிறேன்.

கீழே 240 என்று முடிவு வந்திருக்கிறது. அப்படியானால் வீட்டிலுள்ள எல்லோரும் 240-க்கு ஆட்படுகிறோமா?

கேட்கப்படும் கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. செறிவு என்பது அறைக்குச் சொந்தமானது. ஆட்படும் அளவு என்பது ஆளுக்குச் சொந்தமானது. செறிவை அங்கே கழித்த மணி நேரத்தால் பெருக்கி, எல்லா இடங்களுக்கும் கூட்டினால்தான் ஒருவர் எவ்வளவுக்கு ஆட்படுகிறார் என்பது வரும்.

ஒரு வீட்டைக் கற்பனை செய்வோம். நிலக்கீழ்த்தளம் 240, நடுத்தளம் 120, படுக்கையறைகள் உள்ள மேல்தளம் 80, வெளியிடங்களின் சராசரி 20 என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். வீட்டுக்காரர் கீழே ஓர் அறையில் இருந்து வாரம் 40 மணி நேரம் கணினி வேலை செய்கிறார், நடுத்தளத்தில் 40, மேலே 56, வெளியே 32. கூட்டினால் 19,520, 168-ஆல் வகுத்தால் சராசரி 116. அம்மம்மா கீழே இறங்குவதே இல்லை; நடுத்தளத்தில் 70, மேலே 90, கோயிலும் கடையுமாக 8. அவருக்கு வருவது 94. கீழ்த்தளத்தின் மற்ற அறையில் வாடகைக்கு இருக்கும் மாணவர் அங்கேயே 110 மணி நேரம், மிச்ச 58 மணி நேரம் வெளியே. அவருக்கு 164.

வீட்டை விட்டு நகராத மூதாட்டியைவிட, நாளெல்லாம் வெளியே அலைவதாகத் தோன்றும் இளைஞர் ஏறத்தாழ முக்கால் மடங்கு கூடுதலாக ஆட்படுகிறார். ‘நான் வீட்டில் இருப்பதே குறைவு’ என்பவர்கள் எங்கே உறங்குகிறார்கள் என்பதை முதலில் கேட்பது அதனால்தான்.

அப்படியென்றால் 116 தானே, 200-க்குக் கீழ். சரிசெய்யத் தேவையில்லை அல்லவா?

தேவைதான். வழிகாட்டு அளவு ஒப்பிடப்படுவது ஆட்கள் வழக்கமாக இருக்கும் இடத்தின் ஆண்டுச் சராசரிச் செறிவோடு. ஒரு தனி ஆளின் கணக்கோடு அல்ல. வீட்டுக்காரரின் 116-ஐக் காட்டி மாணவரின் 164-ஐ மறைக்கக்கூடாது. வீடும் கைமாறும், அறையின் பயன்பாடும் மாறும். தளம் 240 என்றால் தளத்தைச் சரிசெய்ய வேண்டும். கனடிய வழிகாட்டுதலின்படி 200 முதல் 600 வரை என்றால் இரண்டு ஆண்டுகளுக்குள்ளும், 600-க்கு மேல் என்றால் ஓராண்டுக்குள்ளும் செய்வது நல்லது. முந்தைய பதிலில் உள்ள கணக்கு, யாரை முதலில் மேல்தளத்துக்கு மாற்றலாம் என்று முடிவெடுப்பதற்குப் பயன்படும்.

நாங்கள் பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கிறோம். வீட்டுக்காரரிடம் எப்படிக் கேட்பது?

கேட்பதற்கு முன் அளந்துவிடுங்கள். கருவியை நீங்களே வாங்கி மாட்டலாம்; சுவரை உடைக்கும் வேலை எதுவும் அதில் இல்லை. ‘ரேடான் இருக்கிறதாமே’ என்று பேச்சைத் தொடங்கினால் மனத்தாங்கல்தான் வரும். ஆய்வகத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் அதே வீட்டுக்காரர், தன் பிள்ளைகள் விளையாடும் இடமும் அதுதானே என்று யோசிக்கத் தொடங்குவார். ஒன்ராறியோவில் புதிய வீடுகளுக்கான கட்டாய உத்தரவாதம் ஏழு ஆண்டுகள் வரை ரேடானுக்கும் பொருந்தும் என்பதைப் புதிய வீட்டு உரிமையாளர்கள் பலர் அறிந்திருக்கவில்லை; அதையும் சொல்லுங்கள்.

மில்லிசீவர்ட் கணக்கில் சொல்லுங்கள். மருத்துவமனையில் எடுக்கும் ஸ்கேனோடு ஒப்பிட வேண்டும்.

உடல் பெறும் கதிரளவைச் சொல்லும் அலகு மில்லிசீவர்ட். அந்தக் கணக்கிலும் சொல்லலாம், ஆனால் இந்த இடத்தில் தரை சற்று வழுக்கும். முதலில், வாயுவுக்கும் அதன் சேய்களுக்கும் இடையிலான சமநிலைக் காரணி வேண்டும். சேய்கள் சுவரிலும் தளபாடங்களிலும் படிந்துவிடுவதால், காற்றில் இருக்கக்கூடிய முழு அளவில் ஒரு பங்குதான் மிஞ்சும். வீடுகளுக்கு 0.4 என்று எடுப்பது வழக்கம். மேலே சொன்ன மாணவரின் ஆண்டுக் கணக்கு ஏறத்தாழ 14,33,000 பெக்கரல்-மணி, 0.4-ஆல் பெருக்கினால் 5,73,000. கதிர்வீச்சின் விளைவுகளை ஆராயும் ஐ.நா. அறிவியல் குழு இப்படி வரும் ஒவ்வொரு பெக்கரல்-மணிக்கும் 9 நானோசீவர்ட் என்கிறது (நானோசீவர்ட் என்பது மில்லிசீவர்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). அதன்படி ஆண்டுக்கு ஏறத்தாழ 5 மில்லிசீவர்ட்.

பன்னாட்டுக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் 2017-இல் வெளியிட்ட மாற்று எண்ணைப் பயன்படுத்தினால் அதே மாணவருக்கு 9 முதல் 10 வரை வரும். அதே அறை, அதே காற்று, அதே மாணவர். மாறியது மாற்றுவிகிதம் மட்டுமே. எனவே மில்லிசீவர்ட் எண்ணை யாராவது தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கத்தோடு சொன்னால், எந்த விகிதத்தில் கணக்கிட்டீர்கள் என்று கேளுங்கள். ஸ்கேனோடு ஒப்பிடுவதிலும் பயன் குறைவு: ஸ்கேன் ஒருமுறை எடுப்பது, இது ஒவ்வோர் இரவும் நடப்பது, இதில் அடி வாங்குவது நுரையீரல் ஒன்றுதான்.

தினமும் சாம்பிராணி போடுகிறோம், ஊதுபத்தி ஏற்றுகிறோம். அளவு கூடிவிடுமா? காற்றுச் சுத்திகரிப்பான் வைத்தால் குறைந்துவிடுமா?

இரண்டு கேள்விக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. அல்பா தடக் கருவிக்குள் வாயு மட்டுமே நுழையும், புகைத்துகள் நுழையாது. ஆகவே சாம்பிராணியால் கருவியின் எண் மாறாது. ஆனால் புகை நிறைந்த காற்றில் சேய்த் தனிமங்கள் ஒட்டிக்கொள்ளத் துகள்கள் ஏராளம். சுவரில் படியாமல் காற்றிலேயே மிதப்பதால் முன் பதிலில் சொன்ன சமநிலைக் காரணி உயரும். அதே நேரத்தில், துகளில் ஒட்டாமல் தனியே திரியும் சேய்களின் பங்கு குறையும். மூச்சுக்குழாயில் மிக எளிதாகப் படிபவை அந்தத் தனிச்சேய்களே. ஒன்று கூட, மற்றது குறைய, நுரையீரல் பெறும் கதிரளவில் மாற்றம் அவ்வளவாக இராது.

சுத்திகரிப்பானில் இது அப்படியே தலைகீழ்: துகள் குறையும், காரணி இறங்கும், தனிச்சேய்களின் பங்கு ஏறும். வாயு குறையவே குறையாது. ஆகையால் அதை ரேடானுக்கான தீர்வாக எண்ண வேண்டாம். சேய்களை விட்டுவிட்டு வாயுவை அளப்பதே போதும் என்று வல்லுநர்கள் ஏற்றுக்கொண்டதற்கும் இந்த ஈடுகட்டலே காரணம். சாம்பிராணிப் புகை நுரையீரலுக்கு நல்லதா என்பது வேறு விடயம். அதற்கு ரேடானைத் துணைக்கு அழைக்கத் தேவையில்லை.

குளிர்காலத்தில் அளந்த எண் முழு ஆண்டுக்கும் பொருந்துமா?

பெரும்பாலான கனடிய வீடுகளில் அது ஆண்டுச் சராசரியைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். முன்னெச்சரிக்கைக்கு அது ஏற்றது. பிரிட்டனில் வேறு வழி வைத்திருக்கிறார்கள்: எந்தப் பருவத்திலும் மூன்று மாதம், வரவேற்பறையில் ஒன்றும் படுக்கையறையில் ஒன்றுமாக இரண்டு கருவிகள்; முடிவைப் பருவத் திருத்தக் காரணியால் பெருக்கி, இரண்டு அறைகளுக்கும் 45-க்கு 55 என்று எடை கொடுத்துக் கூட்டுகிறார்கள். திருத்தக் காரணி பல்லாயிரம் வீடுகளின் பொதுப் போக்கு. உங்கள் வீடு அந்தப் போக்கோடு ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கோடையில் குளிரூட்டிக்காகச் சன்னல்களை அடைத்தே வைத்திருக்கும் வீடுகள் இதற்கு விலக்காக அமைவதுண்டு. ஐயம் தீர வேண்டுமானால் ஒரே கருவியைப் பன்னிரண்டு மாதமும் தொங்கவிடுவதே வழி.

சமையலறையில் இந்தியக் கிரானைட் போட்டிருக்கிறோம். அதைக் கழற்ற வேண்டுமா?

வேண்டாம். கிரானைட்டில் சிறிதளவு யுரேனியமும் தோரியமும் இருப்பது உண்மைதான். ஆனால் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் தடித்த பலகை ஒன்று விடும் ரேடானை, வீட்டின் அடியில் கிடக்கும் மண் முழுவதும் விடுவதோடு ஒப்பிட முடியாது. பலகைமீது கருவியைக் கவிழ்த்துவைத்து அளந்துவிட்டுப் பயமுறுத்துகிறவர்கள் பலகையின் மேற்பரப்பை அளக்கிறார்கள், நீங்கள் மூச்சிழுக்கும் காற்றை அல்ல.

கிணற்றுத் தண்ணீரில் வருமா?

நகராட்சிக் குழாய் நீரில் கவலை இல்லை. நாட்டுப்புறத்தில் ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர்களுக்கு வரலாம். குளிக்கும்போது நீரிலிருந்து காற்றுக்குப் பிரியும். நீரில் இருப்பதில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு வீட்டுக் காற்றில் சேரும் என்பது பொதுக் கணக்கு. காற்றில் உயர்ந்த அளவு வந்தால் மட்டும் நீரைச் சோதியுங்கள்.

ஊரில் யாரும் இதைப் பற்றிப் பேசியதே இல்லையே? அங்கே ரேடான் இல்லையா?

இல்லாத நிலம் உலகில் இல்லை. ஆனால் யாழ்ப்பாணத்து வீடுகளிலும் தமிழ்நாட்டு வீடுகளிலும் நிலக்கீழ்த்தளம் அரிது; கதவும் சன்னலும் பகல் முழுதும் திறந்திருக்கும்; வீட்டைச் சூடாக்கும் தேவையே இல்லாததால் முதல் பதிலில் சொன்ன உறிஞ்சலும் இல்லை.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சி போன்ற மொனசைட் மணல் உள்ள கரையோரங்களில் பேச வேண்டியது தோரான் பற்றி. தோரியத்திலிருந்து பிறக்கும் இந்த ரேடான் வகையின் அரைவாழ்வு 55.6 விநாடிகளே. மண்சுவரிலிருந்தோ தரையிலிருந்தோ வெளிவந்து, அறையின் நடுப்பகுதியை எட்டுமுன் பெரும்பாலும் அழிந்துவிடும். அதனால் அதை அளப்பது தந்திரமான வேலை: கருவியைச் சுவரை ஒட்டி வைத்தால் ஓர் எண், அரை மீற்றர் தள்ளினால் வேறோர் எண். ஆனால் அதன் சேயான ஈயம்-212 பத்தரை மணி நேர அரைவாழ்வு கொண்டது. அறை முழுதும் பரவும். எனவே தோரானில் வாயுவை விட்டுச் சேய்களை அளக்க வேண்டும். பாபா அணு ஆராய்ச்சி மையம் அதற்கென்றே சேய்களை நேரடியாகப் பதியும் உணரிகளை உருவாக்கியிருக்கிறது.

இருபது வருடமாக இந்த வீட்டில்தான் இருக்கிறோம். இதுவரை எவ்வளவு வாங்கியிருப்போம் என்று கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும், எனக்கு மிகுந்த வியப்பைத் தந்த பகுதியும் இதுதான். ரேடானின் சேய்கள் கண்ணாடியில் படிந்து அல்பா துகளை வீசும்போது, எதிர்விசையால் அணு கண்ணாடிக்குள் சற்றே புதைகிறது. வரிசையின் பின்பகுதியில் வரும் ஈயம்-210-இன் அரைவாழ்வு ஏறத்தாழ 22 ஆண்டுகள். ஆகவே வரவேற்பறையில் பல காலமாகத் தொங்கும் திருமணப் படத்தின் கண்ணாடி, அந்த அறையின் கடந்த காலத்தைத் தன் மேற்பரப்பில் எழுதி வைத்திருக்கும். அயோவா, மிசூரி மாநிலங்களில் நடந்த ஆய்வுகளில் இந்த முறையைப் பயன்படுத்தினார்கள். பழைய குறுந்தகடுகளையும் இதற்குப் பயன்படுத்தலாம் என்று பல்கேரிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். தகட்டின் பிளாஸ்டிக் ரேடானை உறிஞ்சி, மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே தடங்களைப் பதித்துக்கொள்கிறது. பாட்டுக் கேட்க உதவாத தகடுகள் இதற்காவது உதவட்டும்.

இவை ஆய்வகங்களுக்குரிய முறைகள். வீட்டளவில் செய்யக்கூடியது, இன்றைய அளவை எடுத்து, எந்த ஆண்டில் சன்னல்களை மாற்றினீர்கள், எப்போது கீழ்த்தளத்தை அறைகளாக்கினீர்கள், யார் எங்கே உறங்கினார்கள் என்பதை எழுதி, மேலே சொன்ன மணிக்கணக்கை ஒவ்வொரு காலத்துக்கும் போடுவதே.

முடிவு 195. இருநூறுக்குக் கீழ் என்பதால் விட்டுவிடலாமா? வீட்டில் ஒருவர் புகைப்பிடிக்கிறார்.

அளவீட்டின் நிச்சயமின்மையைக் கணக்கில் எடுத்தால் 195-க்கும் 205-க்கும் வேறுபாடே இல்லை. இதே நிச்சயமின்மை அறிவியலையும் ஏமாற்றியிருக்கிறது. 2005-இல் வெளியான ஐரோப்பியத் தொகுப்பாய்வு 13 ஆய்வுகளிலிருந்து 7,148 நுரையீரல் புற்றுநோயாளர்களை எடுத்துக்கொண்டது. அளந்த எண்களை அப்படியே வைத்தபோது 100 பெக்கரலுக்கு ஆபத்து 8.4 விழுக்காடு கூடியது. ஆண்டுக்கு ஆண்டு மாறும் அளவீட்டுத் தடுமாற்றத்தைத் திருத்தியதும் அது 16 விழுக்காடாகியது. அதாவது, கணிப்பு மங்கலாக இருந்தால் ஆபத்தும் சிறியதாகத் தோன்றும்.

அந்த ஆய்வின்படி ரேடானே இல்லாத நிலையில் 75 வயதுக்குள் நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு, புகைக்காதவருக்கு ஏறத்தாழ 0.4 விழுக்காடு, புகைப்பவருக்கு 10. செறிவு 400 பெக்கரலானால் அவை முறையே 0.7, 16. விழுக்காட்டுப் புள்ளியில் பார்த்தால் ரேடான் ஒருவருக்கு 0.3 சேர்க்கிறது, மற்றவருக்கு 6. உங்கள் வீட்டில் நான் முதலில் கேட்பது சிகரெட்டை விடுவதை. அடுத்து, 195 ஆனாலும் தரைக்கு அடியிலுள்ள காற்றை வெளியேற்றும் குழாய் போடுவதை.

குழாய் போட்டாகிவிட்டது, விசிறி ஓடுகிறது. இனி அளக்கத் தேவையில்லைதானே?

தரைக்கு அடியிலிருந்து காற்றை உறிஞ்சி வெளியே விடும் இந்த முறை நன்றாக அமைந்தால் செறிவைப் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கிவிடும். குழாயில் பொருத்தியிருக்கும் யூ வடிவக் கண்ணாடியில் இரண்டு பக்கத் திரவமும் சமமாக நின்றால் விசிறி நின்றுவிட்டது என்று பொருள். வாரத்துக்கு ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். ஆனால் அந்தத் திரவம் சொல்வது உறிஞ்சலை மட்டும். அறையின் காற்றை அது அறியாது. ஆகவே அடுத்த சூடாக்கும் பருவத்தில் அதே இடத்தில், அதே உயரத்தில், மீண்டும் மூன்று மாதம் அளக்க வேண்டும்.

கருவியை அனுப்ப மறந்து ஐந்து மாதம் ஆகிவிட்டது. வீணா?

வீணில்லை. அல்பா தடக் கருவி ஓராண்டு வரைகூடத் தாங்கும், மாட்டிய நாளும் கழற்றும் நாளும் தெரிந்திருந்தால் ஆய்வகம் சரியாக வகுத்துவிடும். இன்றே கழற்றி, அதனுடன் வந்த உறையில் இட்டு மூடி, இரண்டு தேதிகளையும் படிவத்தில் எழுதி, நாளைக்கே அஞ்சலில் சேர்த்துவிடுங்கள். காரின் முன்பெட்டியில் போட்டுவைக்க வேண்டாம். அங்கே அது காரின் காற்றை அளந்துகொண்டிருக்கும்.